பின் சீட்டில் விரித்த வெள்ளைத் துணி

கோமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "அந்தக் காரில் நான் ஏறமாட்டேன். அப்பா காக்கிச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்து ஓட்ட, நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வரணுமா? அதைவிட நடந்தே போய்விடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு, "பிள்ளை என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "சௌக்கியமா இருக்காளாம். ஆஸ்பத்திரியில லீவு கிடைச்சிட்டாம்" என்றேன். "காரைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்றார். "எழுதல" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பீடி சுற்ற உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. இலையை வெட்டி வைத்துவிட்டு, தூளைப் போட மறந்து வெறும் இலையைச் சுருட்டுகிறேன். அதனால் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தாய் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். என் புத்தியே ஒரு பக்கமாக நிற்கவில்லை. எழுதிப் பார்த்தாலாவது நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்கிறேன். பண்ணையார் சீசன் முடியும்வரை குற்றாலத்துப் பங்களாவில்தான் இருந்தார். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தவர், காரைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டாராம்.

"ஏலே முத்தையா, மவளுக்குக் கல்யாணமாமே?"

"ஆமா மொதலாளி. மாப்பிள்ளை வீரகேரளம்புதூர். போலீசு."

"நம்ம வண்டியை எடுத்துக்கோ. பிள்ளையையும் மாப்பிள்ளையையும் பின்னால உக்கார வையி."

"பின்னாலயா மொதலாளி?"

"பின்னாலதாம்லே. காலம் மாறிப்போச்சுல்லா. ஆனா ஸ்டியரிங்க நீதான் தொடணும், வேற எவனும் தொடப்படாது. காக்கியும் தொப்பியும் போட்டுக்கோ. நம்ம வண்டி தெருவுல போகையில டிரைவர் வேட்டியோட உக்காந்திருந்தா எனக்குல்லா கேவலம்?"

உன் அப்பா அந்தச் சாரலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு குற்றாலத்திலிருந்து இலத்தூருக்கு வந்தார். தலை துவட்டவில்லை. நடையைத் தாண்டுவதற்கு முன்னாலேயே, "ஏட்டி, பின் சீட்டைக் குடுத்துட்டாக! பின் சீட்டு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ நிலம் கிடைத்துவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். நீ பாளையங்கோட்டையில் இருக்கிறவள். ஒரு மனுஷன் ஒரு காரின் பின் சீட்டுக்காக இப்படிக் கத்துவானா என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு அது ஏன் என்றும் தெரியும். அதுதான் என் சிக்கல்.

எங்கள் கல்யாணம் ராயகிரியில் நடந்தது உனக்குத் தெரியும். அந்தக் கார் வந்தது என்றும் உன் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். எப்படி வந்தது என்று அவர் சொல்லியிருக்கமாட்டார். சுதந்திரம் வந்த மறுவருஷம் பண்ணையார் வாங்கிய அமெரிக்கக் கார் அது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், பெரிய நெல் பத்தாயத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அப்போது இந்த வட்டாரத்தில் அந்த மாதிரிக் கார் இரண்டோ மூன்றோதான். உன் அப்பா அதற்கு டிரைவராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தன் டிரைவர் கல்யாணத்துக்குக் காரைக் கொடுத்தார் பண்ணையார். கொடுத்தபோது இரண்டு உத்தரவு போட்டார். வேறு எவனும் ஓட்டக் கூடாது. பின் சீட்டில் எவரும் உட்காரக் கூடாது. பின் சீட்டில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். அவரும் அவர் வீட்டாரும் மட்டும் உட்காருகிற இடம். அந்தத் துணி கசங்காமல் திரும்பி வரவேண்டும்.

ஆகவே என் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைதான் டிரைவர். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கையில் ஸ்டியரிங். மாலை அடிக்கடி வளையத்தில் சிக்கிக்கொள்ளும், நான் எடுத்து விடுவேன். அவருக்குப் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் என் தங்கை. அமெரிக்காக்காரன் முன் சீட்டையும் ஒரே பெஞ்சாக, அகலமாகச் செய்திருக்கிறான். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அந்த அகலம் இல்லாவிட்டால் எங்களை எங்கே உட்கார வைத்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கார் கூரையின் மேலா? நாதஸ்வரக்காரர் முன்னால் போக, பின்னால் ஒரு பெரிய வெள்ளைத் துணி மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. என் சித்தி தேங்காய் பழத் தட்டோடு பின் கதவைத் திறக்கப் போனாள். மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி, "சித்தி, பின்னால ஏறப்படாது, மொதலாளி உத்தரவு" என்றார். சித்தி விடுவாளா? "ஏன், ஒங்க மொதலாளி அங்கன படுத்துக் கெடக்காராக்கும்?" என்றாள். ஊரே சிரித்தது. இன்னொரு பக்கம் ஒருத்தன், "ஏலே, டிரைவர் வந்துட்டான், மாப்பிள்ளை எங்கடே?" என்று கேட்டான். "அந்தா ஓட்டுதாம்லா, அவந்தாம்லே மாப்பிள்ளை!" என்றான் அவன் கூட்டாளி. அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கன்னமெல்லாம் எரிந்தது. இரண்டும் ஒன்றாக. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

உன் அப்பாவுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அவருக்கு அது வாழ்க்கையிலேயே பெரிய நாள். ராயகிரியில் கல்யாணத்தன்று கார் ஓட்டி வந்த முதல் மாப்பிள்ளை அவர். நான் அவரிடம் ஒரு நாளும், எனக்குக் கன்னம் எரிந்தது என்று சொல்லவில்லை. நீ அப்படி இருக்காதே. உன் புருஷன் மரியாதை என்று நினைக்கிற ஒன்று உனக்கு அவமானமாகத் தெரிந்தால் அந்த வாரமே சொல்லிவிடு. சண்டை வந்தால் வரட்டும். நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்ல நினைத்தால் அந்த மனுஷனிடமிருந்து ஒரே ஒரு நல்ல நாளைப் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடும்.

அந்தக் காரைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவு கிடையாது. நீ 'அது ஒரு அகம்பாவம் பிடித்த இரும்பு' என்று போன தடவை வந்தபோது சொன்னாய். நான் அந்த இரும்பைப் பற்றி இத்தனை வருஷமாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தென்காசி டாக்டரிடம் அதே கம்பெனிக் கார் இருந்தது, கொஞ்சம் சின்னது. உனக்குக் காய்ச்சல் என்று நான் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே உன் அப்பாவோடு கார்ப் பேச்சுப் பேசுவார். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆதியில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர்களாம். அண்ணன் தம்பிகள். பட்டறையில் இரும்பு அடித்தவர்கள். பிறகு குதிரையைக் கழற்றிவிட்டு இன்ஜினை வைத்தார்களாம், கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்களாம். டாக்டர் சொல்லுவார்: "முத்தையா, இது எருமை மாதிரிவே. அழகு பாக்கப்படாது. தண்ணியக் காட்டுனா போதும், இழுத்துக்கிட்டே போகும். இந்தச் சுத்துப்பட்டுல பாதிப் பிரசவத்துக்கு இதுலதான் போயிருக்கேன். ஒரு நாள் நின்னதில்ல." இரும்பு அடித்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆகிற ஊரும் உலகத்தில் இருக்கிறதா என்று அப்போது நான் வாயைப் பிளந்தேன். நம் ஊரில் இரும்பு அடிக்கிறவர் பண்ணையார் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் போகிறார்.

குற்றாலத்து லாட்ஜ் அண்ணாச்சியிடம் கேட்டால் வேறு கதை. அவரும் அதே கம்பெனிக் காரை வேறொருவரிடமிருந்து பழசாக வாங்கினார். சீசனுக்கு வருகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஆசை. "கதவைச் சாத்துனா தொறக்காது, தொறந்தா சாத்தாது. வளைவுல திரும்புனா உள்ள இருக்க ஆளு வெளிய நிக்கான். சாரல் விழுந்தா அதுக்குச் சளி பிடிச்சிருது. எனக்கு யாவாரமே சாரல்லதாம்லா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் அதை லாட்ஜுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். சாயங்காலமானால் கோழிகள் தாமாகவே போய் அதில் அடைந்தன. "அமெரிக்காக்காரன் எனக்குன்னே கப்பல்ல ஏத்தி அனுப்புன கோழிக்கூடு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். உன் அப்பா மட்டும், "வண்டியைத் திட்டாதீக அண்ணாச்சி, அதுக்குக் காது கேக்கும்" என்பார். ஒரே கம்பெனி, ஒரே வருஷத்துக் கார்கள், ஒன்று பிரசவத்துக்கு ஓடுகிறது, ஒன்றில் கோழி முட்டையிடுகிறது. இதில் எது நிஜம் என்று கேட்டேன். "வண்டி ஒண்ணுதான், வச்சிருக்கவன்தான் வேற" என்றார் உன் அப்பா. அப்படியானால் பண்ணையார் கார் எந்த வகை?

பண்ணையார் அந்தக் காரைப் பற்றி வெளியே ஒரு குறை சொன்னதில்லை. அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆரியங்காவு ஏற்றத்தில் அது தண்ணீர் கொதித்து நின்றுவிடும். உன் அப்பாவும் சாலையில் போகிற ஆட்களுமாகச் சேர்ந்து தள்ளுவார்கள். பண்ணையார் இறங்கமாட்டார். விசிறியால் விசிறிக்கொண்டு வெள்ளைத் துணிமேல் உட்கார்ந்திருப்பார். இறங்கினால் கார் நின்றுபோனது என்று ஆகிவிடும், உட்கார்ந்திருந்தால் கார் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்படி ஒரு கணக்கு அவருக்கு. நீ பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே, கப்பலில் வந்த பாகங்களைச் சேர்த்து இந்த நாட்டில் அந்தக் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த இடத்தை மூடிவிட்டார்கள். பாகங்களையெல்லாம் இங்கேயே செய், இல்லாவிட்டால் போ என்று சர்க்கார் சொன்னதாம், அவர்கள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் உன் அப்பா தென்காசி, மதுரை என்று அலைந்தார். சில வருஷம் முன்னால் டாக்டர் பேப்பரில் படித்துவிட்டு, அமெரிக்காவிலேயே அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டது என்று சொன்னார். அன்றைக்கு உன் அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "அமெரிக்காவுல எவனோ கடையைச் சாத்துனா நீங்க ஏன் சோத்தை ஒதுக்குதீய?" என்று கத்தினேன். அவர் கை கழுவிக்கொண்டே, "பெத்தவன் இல்லாத பிள்ளை மாதிரி ஆயிட்டுலா" என்றார். யாருடைய பிள்ளை, யாருடைய கார், எந்த நாட்டுக் கம்பெனி! அந்தக் கம்பெனிக்காரனுக்கு இலத்தூரில் முத்தையா என்று ஒருவன் இருப்பது தெரியுமா? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

இனி எழுதப் போவது உனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. நீ பிறந்தபோது நடந்தது. தலைப்பிரசவத்துக்கு என்னை ராயகிரிக்கு அழைத்துப் போக என் அம்மா மறுநாள் வருவதாக இருந்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது. பகல் நேரம். உன் அப்பா பண்ணையாரோடு குற்றாலத்தில் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சைக்கிளில் போய்ச் சொன்னார். பண்ணையார் அப்போது அருவியில் நின்றுகொண்டிருந்தார். உன் அப்பா அவரிடம் போய்க் கேட்கவில்லை. அந்த மனுஷன் தன் ஆயுளில் கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். காரை எடுத்துக்கொண்டு வந்தார். என்னை இரண்டு பொம்பளைகள் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஆமாம், பின் சீட்டில்தான். வெள்ளைத் துணியின் மேலேதான். அப்படி ஒரு மெத்தையில் நான் அதற்கு முன்னும் படுத்ததில்லை, பின்னும் படுத்ததில்லை. தென்காசி ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதும் நீ பிறந்துவிட்டாய். கொஞ்சம் தாமதித்திருந்தால் நீயும் இல்லை, நானும் இல்லை என்று அங்கே இருந்த நர்ஸம்மா சொன்னாள். எந்தக் காரில் ஏறமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயோ, அந்தக் கார் அன்றைக்கு ஒரு இடத்திலும் கொதிக்கவில்லை, நிற்கவில்லை.

பண்ணையார் ஈரத்துண்டோடு வந்து பார்த்தால் கார் இல்லை. ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்குப் போனாராம். உன் அப்பாவுக்கு வேலை போயிற்று என்று தெருவே முடிவு கட்டியது. மறுநாள் அவர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பண்ணையார், "பிள்ளை சொகமாலே?" என்று மட்டும் கேட்டார். ஒரு போத்தல் மலைத்தேன் கொடுத்து அனுப்பினார். அந்தத் தேனைத்தான் உன் நாக்கில் தடவினேன். நான் அவரைக் கும்பிட்டேன், வீட்டில் இருந்தபடியே கும்பிட்டேன். நான் நடமாட ஆரம்பித்த பிறகுதான் மற்றது தெரிந்தது. பின் சீட்டை அப்படியே கழற்றி மாட்டுத் தொழுவத்தில் போட்டுவிட்டார்கள். தீட்டுப் பட்ட சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்கு எப்படிப் போவது என்று பண்ணையாரம்மா சொன்னாளாம். மதுரையிலிருந்து ஆள் வந்து புதுச் சீட்டு தைத்துப் போட்டான். பழைய சீட்டின் திருகாணிகளைக் கழற்றித் தொழுவம்வரை தூக்கிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பாதான். நான் சாணி அள்ளப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். அதன்மேல் ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. சில வருஷம் கழித்து அவர்கள் மகளுக்கும் அதே காரில் அதே பாதையில் வலி வந்தது. அந்தத் தடவை துணியைத் துவைத்தார்கள், சீட்டை மாற்றவில்லை. அந்த ரத்தத்துக்கும் என் ரத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நர்ஸ் வேலை பார்க்கிற நீதான் எனக்குச் சொல்லவேண்டும்.

தேன் கொடுத்ததும் அவர்தான், சீட்டைத் தூக்கி எறிந்ததும் அவர்தான். நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் பிள்ளை சுகமா என்ற அந்தக் கேள்வியை அவர் மனசாரத்தான் கேட்டார் என்று உன் அப்பா சத்தியம் செய்கிறார், நானும் நம்புகிறேன். நல்லவர் கெட்டவர் என்று ஆளைப் பிரித்து வைக்க என்னிடம் இரண்டு பெட்டி இருக்கிறது. இவரை எதில் போடுவது என்று இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. வேலைக்காரனின் பிள்ளை பிழைக்கவேண்டும், ஆனால் அது பிழைத்த இடம் வீட்டில் இருக்கக் கூடாது. இப்படி நினைக்க ஒரு மனசுக்கு எப்படி முடிகிறது? அவர் ஒருவர் மட்டும் அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆட்சி மாறியது, மேடையில் எல்லோரும் சமம் என்று பேசுகிறார்கள். பேசியவர் இலத்தூருக்கு வந்தபோது யார் காரில் வந்து இறங்கினார் என்று நினைக்கிறாய்? அதே கார், அதே துணி, அதே டிரைவர்.

நேற்று மத்தியானம் உன் அப்பா சாப்பிட வந்தபோது மெல்லக் கேட்டேன்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு நீங்களே ஓட்டுனீயளே, ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"என்ன தோணணும்? கிளட்ச் கொஞ்சம் கட்டியா இருந்துச்சு."

"அதைக் கேக்கல. பின்னால சும்மா கெடந்துச்சே, அது."

"பின்னால யாருட்டி பாத்தா? நான் முன்னால ரோட்டைப் பாத்தேன். பக்கத்துல ஒன்னையப் பாத்தேன்."

ரசத்தை ஊற்றினேன். பிசைந்துகொண்டே அவரே சொன்னார்: "எம்மவ பின்னால உக்காந்து வருவா, நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். எனக்கு அது போதும்." சொல்லிவிட்டு எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மனசில் அந்தக் கண்ணாடி தெரிந்தது. சரி, பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டுவிடுவோம், ஒரு அரைநாள்தானே, ஏறி இறங்கட்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். கூடவே, உன் மாமியார் வேறு சந்தையில் என்னைப் பார்த்து, "சம்பந்தி, பெரிய கார்ல வாறீயளாமே! எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் ஆசை காட்டியாகிவிட்டது. கார் வராவிட்டால் முதல் நாளே உனக்கு முகச்சுளிப்புத்தான்.

பாத்திரம் கழுவ உட்கார்ந்தபோதுதான் அடுத்தது என் கண்ணில் ஓடியது. கார் வீரகேரளம்புதூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆரத்தி எடுக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவரை எங்கே, சந்தனம் கொடுக்கணும், வெற்றிலை கொடுக்கணும், மாலை போடணும் என்று தேடுகிறார்கள். உன் அப்பா வரமாட்டார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது பண்ணையார் உத்தரவு, இத்தனை வருஷத்தில் அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. யாரோ ஒரு நல்ல மனுஷன், டிரைவருக்கும் இலை போடுங்கப்பா என்று கொல்லைப்புறத்தில் போட்டுவிடுவான். அவரும் சாப்பிட்டுவிட்டு, சாம்பார் நன்றாக இருந்தது என்பார். வாங்குகிற சம்பளத்துக்கு ஓட்டுகிறவரைத் தப்பு சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நாள் அவர் ஓட்டுகிறவராக இருக்கக் கூடாது. என்னை ஏற்றிக்கொண்டுபோன தீட்டுக்காக மாற்றிப் போட்ட சீட்டில், அந்தத் தீட்டில் பிறந்த நீ உட்கார்ந்து வருவாய், அவர் காக்கியோடு கண்ணாடியில் உன்னைப் பார்த்துப் பூரிப்பார். காலம் மாறிவிட்டது என்று பண்ணையார் நினைத்துக்கொள்வார். எனக்கு அது முடியாது.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே பண்ணை வீட்டுக்குப் போகிறேன். கார் வேண்டாம், பெண்ணுக்கு அப்பா அன்றைக்கு வேறு வேலையாக இருப்பார், ஒரு நாள் லீவு கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். 'இத்தனை திமிராட்டி ஒனக்கு?' என்று கத்தினாலும் கத்துவார். 'சரி போ' என்று தேன் கொடுத்தாலும் கொடுப்பார். எது செய்வார் என்று எனக்குத் தெரியாது. வேலை போனால் என் பீடிக் கூலி இருக்கிறது, உன் சம்பளத்தை எதிர்பார்க்கமாட்டோம். உன் மாமியாரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. அவர் என்னிடம் கோபப்படமாட்டார். போய்ச் சைக்கிளைத் துடைப்பார். நான் செய்வது அவருக்கு மரியாதையா, அவரிடமிருந்து பிடுங்குகிறேனா என்று இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்திலும் எனக்குத் தெளியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. வந்ததும் அந்தக் காரைப் பற்றி ஏசாதே. "எப்பா, எங்கூட நீங்க உள்ள வரணும்" என்று அவரிடம் நீ சொல்லு. நான் சொன்னால் எடுபடாது.

இங்கே தாலி கட்டியதும் எல்லோருமாக பஸ்ஸில்தான் போகிறோம், தென்காசியில் மாறி ஏறவேண்டும். மாப்பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல், மாலை கசங்காது. உன் அப்பாவை உன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பொங்கலுக்கு பஸ்ஸில் ராயகிரி போனபோது பார்த்தேன், அவருக்குச் சும்மா உட்கார்ந்து வரத் தெரியாது. வளைவு வந்தால் அவர் வலதுகால் தானாகவே தரையைப் போட்டு அழுத்தும், அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. அதைப் பார்த்துச் சிரித்துவிடாதே.

அம்மா